சிறிய விளக்கும் பெரிய துணியும்

குறும்படம் எடுக்க வேண்டும் என்ற ஆவலோடு, கைபேசியையோ நண்பரிடம் இரவல் வாங்கிய காமிராவையோ முதன்முதலாகக் கையில் எடுக்கும் மாணவர்களுள் பெரும்பாலோருக்கு ஒரே விதமான ஏமாற்றம் நேருகிறது. வீட்டுக் கூடத்தில், உத்தரத்தில் எரியும் விளக்கின் கீழே, பாட்டியாக நடிக்க இசைந்த அத்தையை உட்கார வைத்து, வசனம் சொல்லிக்கொடுத்து, அவர் அதை உள்ளம் உருகப் பேசுவதை நேரில் கேட்டு மகிழ்ந்தவர்கள், எடுத்த காட்சியைத் திரையில் போட்டுப் பார்த்ததும் திகைத்துப்போகிறார்கள். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழிகள். மூக்கின் கீழே கனத்த நிழல். சுவரில் இனம் தெரியாத ஒரு பச்சை. பின்னால் இருந்த ஜன்னலோ வெறும் வெள்ளைச் சதுரமாக வெளிறிக் கிடக்கிறது. நேரில் பார்த்தபோது இவற்றில் ஒன்றுமே கண்ணில் படவில்லையே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, கடைசியில் காமிரா மட்டமானது என்றோ, பெரிய விளக்குகளை வாடகைக்கு எடுக்காமல் போனதே குற்றம் என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த முடிவு சரியன்று. பெரிய விளக்கை அதே இடத்தில் தொங்கவிட்டிருந்தாலும் கண்குழிகள் அப்படியேதான் இருந்திருக்கும். சொல்லப்போனால் இன்னும் கறுத்திருக்கும். குறை, விளக்கின் சக்தியில் இல்லை. ஒளி எங்கிருந்து, எவ்வளவு அகலமான பரப்பிலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து முகத்துக்கு வருகிறது என்பதில் இருக்கிறது. இந்த மூன்றையும் நிர்ணயிக்கும் விதிகள் மிகப் பழைமையானவை. அவற்றைப் பரிசோதித்துப் பார்க்க ஒரு பென்சிலும், ஒரு காகிதமும், ஒரு துளி எண்ணெயும் போதும்.

முதலில், கண் காணாத குறையைக் காமிரா எப்படிக் கண்டது என்று பார்ப்போம். வெளிச்சம் ஒரு பரப்பின் மீது எவ்வளவு விழுகிறது என்பதை லக்ஸ் என்னும் அலகால் அளக்கிறார்கள். நடுப்பகல் வெயிலில் திறந்த வெளியில் அது ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். இரவில் விளக்கு எரியும் சாதாரணக் கூடத்தில் நூறு, இருநூறு லக்ஸ். இரண்டுக்கும் இடையே ஐந்நூறு மடங்குக்குக் குறையாத வித்தியாசம் இருந்தும், நாம் இரண்டு இடங்களிலும் செய்தித்தாள் படிக்கிறோம். வித்தியாசம் இவ்வளவு பெரிதென்று உணர்வதே இல்லை. ஏனெனில் பாவை சுருங்கி விரிவதோடு, விழித்திரையும் தன் கூருணர்வை வெளிச்சத்துக்குத் தக்கவாறு மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதுமட்டுமின்றி, பார்வை முகத்தின் ஒவ்வொரு பகுதியாக மேய்ந்து செல்லும்போது, இருண்ட குழியில் உள்ள கண்ணையும் வெளிச்சத்தில் உள்ள நெற்றியையும் தனித்தனியே வாங்கி, மனம் அவற்றை ஒரே முகமாகச் சேர்த்துத் தருகிறது. காமிராவுக்கு இந்த வசதி இல்லை. ஒரு சட்டகத்துக்குள் விழும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒளியளவை அது நிர்ணயித்துக்கொள்கிறது. அந்த அளவுக்கு மிஞ்சியது வெளுக்கிறது, குறைந்தது கறுக்கிறது. ஆகவே வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளியைக் காமிரா தாங்கும் எல்லைக்குள் கொண்டுவருவதே ஒளிப்பதிவாளரின் முதல் கடமையாகிறது.

இனி நிழலைக் கவனிப்போம். சிறிய பொருளொன்றிலிருந்து ஒளி வந்தால், இடையில் நிற்கும் பொருள் அதை முழுவதும் மறைக்கும் அல்லது சிறிதும் மறைக்காது. ஆகவே நிழலின் விளிம்பு கத்திமுனையாக விழும். ஒளி தரும் பொருள் அகலமாக இருந்தாலோ, விளக்கின் ஒரு பாதி மட்டும் தெரிகிற, கால் பங்கு மட்டும் தெரிகிற இடங்கள் சுவரில் உண்டாகும். விளக்கு முற்றிலும் மறைந்த நடுப்பகுதியைக் கருநிழல் என்றும், ஓரளவே மறைந்த விளிம்புப் பகுதியைப் புறநிழல் என்றும் சொல்வது வழக்கம். புறநிழல் அகன்றால் நிழல் இளகுகிறது. கருநிழல் முழுவதும் மறைந்துவிட்டால் நிழல் என்று சொல்லத்தக்கதே இல்லாமற் போகிறது. கூர்மையான நிழல் தரும் வெளிச்சத்தை வன்னொளி என்றும், இளகிய நிழல் தருவதை மென்னொளி என்றும் இந்தக் கட்டுரையில் குறிப்பிடுவோம்.

நம் வீட்டு டியூப்லைட்டே இதற்குச் சாட்சி சொல்லும். அது நான்கடி நீளமும் ஓரங்குல அளவே பருமனும் உடையது. அதன் கீழே, மேஜைக்குச் சிறிது உயரத்தில், ஒரு பென்சிலை டியூப்லைட்டின் நீளத்துக்கு இணையாகப் பிடித்தால் மேஜையில் தெளிவான நிழல் விழுகிறது. அதே பென்சிலைக் குறுக்காகத் திருப்பினால் நிழல் கரைந்து காணாமற் போகிறது. விளக்கு மாறவில்லை, தூரம் மாறவில்லை, பென்சிலும் மாறவில்லை. பென்சிலின் பருமனுக்குக் குறுக்கே விளக்கு எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பது ஒன்றுதான் மாறியிருக்கிறது. முதல் நிலையில் ஓரங்குலம், இரண்டாவதில் நான்கடி. நிழலின் குணத்தை முடிவு செய்வது ஒளிப்பரப்பின் அகலமே என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான நிரூபணம் வேண்டியதில்லை.

சூரியனையும் இப்படியே அளந்து பார்க்கலாம். அதன் விட்டம் ஏறத்தாழ பதினான்கு லட்சம் கிலோமீட்டர். அது நம்மிடமிருந்து பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆகவே அத்தனை பெரிய கோளம் நம் கண்ணுக்கு வானத்தில் அரை டிகிரி அகலமே உடைய சிறு தட்டாகத் தெரிகிறது. வெயிலின் நிழல் கூர்மையாக விழுவதற்கு இதுவே காரணம். ஆயினும் அரை டிகிரி என்பது சூனியமன்று. தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள பொருளின் நிழல், விளிம்பில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவு மங்குகிறது. பதினைந்து மீட்டர் உயரத் தென்னையின் கீற்றுக்கோ அந்த மங்கல் பதினான்கு சென்டிமீட்டர் வரை அகன்றுவிடுவதால், தனித்தனி ஓலைகளின் நிழல் தரையில் பிரிந்து தெரிவதில்லை. மர நிழலில் இலை இடுக்குகள் வழியே விழும் வட்டப் பொட்டுகளும் சூரியத் தட்டின் உருவங்களே. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்த வேளையில், சூரியன் வளையமாக நின்றபோது இந்தப் பொட்டுகளும் வளையங்களாக மாறின. நிழலின் விளிம்பில் விளக்கின் வடிவம் எழுதப்பட்டிருக்கிறது என்ற உண்மை அன்று தரையிலேயே காணக்கிடைத்தது.

மேகம் மூடிய நாளில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. சூரியனின் ஒளியை மேகத்தின் நுண்துளிகள் நாலாபக்கமும் சிதறடிப்பதால், அரை டிகிரித் தட்டுக்குப் பதிலாக வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளி வருவதால், ஒரு திசையை மூக்கு மறைத்தால் மற்றொரு திசை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது, கண்குழிகளும் தெளிகின்றன. கூடத்தில் அத்தையின் முகத்தைக் கெடுத்தது, உச்சியில் இருந்த ஒரு சிறு விளக்கு. ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள பல்பு இரண்டு மீட்டர் தூரத்தில் ஒன்றரை டிகிரிக்குச் சற்றே அதிகமான அகலம்தான் காட்டும். சூரியனைப் போல் மூன்று மடங்கு. அதே தூரத்தில் இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, பல்பின் ஒளியை அதன்மீது பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சத்தை மட்டும் முகத்தில் விழச் செய்தால், ஒளிப்பரப்பின் அகலம் ஐம்பது டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. சூரியத் தட்டைப்போல் நூறு மடங்கு. செலவு ஒரு விரிப்பு. இழப்பு, வெளிச்சத்தின் அளவு குறைவது ஒன்றே.

இந்த உண்மையைச் சினிமாவில் கையாண்ட முன்னோடிகளின் வரலாறு மாணவர்களுக்கு மிகவும் ஊக்கம் தரக்கூடியது. 1893இல் எடிசன் தம் நியூ ஜெர்சி ஆய்வுக்கூடத்தில் அமைத்த படப்பிடிப்புக் கொட்டகை, கூரையைத் திறந்து வெயிலை உள்ளே விடுவதற்காக, சூரியன் நகர நகரத் தண்டவாளத்தின் மேல் சுற்றித் திருப்பப்படும்படி கட்டப்பட்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், பாரிஸுக்கு அருகே மோந்த்ரேயில் ஜார்ஜ் மெலியே கட்டிய கண்ணாடிக் கூடத்திலோ, மங்கல் கண்ணாடியும் மெல்லிய மஸ்லின் துணியும் வெயிலை வடிகட்டி மென்னொளியாக்கின. சந்திரனுக்குச் செல்லும் அவருடைய புகழ்பெற்ற படம் 1902இல் அவ்விதம் இளக்கிய பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டதே.

நம் நாட்டில் இதே உண்மை ஓர் இக்கட்டான நிலைமையிலிருந்து பிறந்தது. சத்யஜித் ராய் 'அபராஜிதோ' படத்தை எடுத்தபோது, காசியின் பழைய வீடு ஒன்றின் உள்முற்றம் தேவைப்பட்டது. அத்தகைய வீடுகளில் நாற்புறமும் சுவர்கள் உயர்ந்து நிற்க, மேலே திறந்த வானத்திலிருந்து மட்டும் வெளிச்சம் இறங்கும். நேர் வெயில் விழாத அந்த முற்றத்தில் எதற்கும் அழுத்தமான நிழல் கிடையாது. அந்த முற்றத்தைத் திறந்த வெளியில் செட்டாக அமைப்பதாக இருந்த கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவுக்கு, மழைக்கு அஞ்சிக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள்ளேயே அதைக் கட்ட நேர்ந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது வயது இருபத்தைந்து அளவுதான். ராயின் முதற்படமான 'பாதேர் பாஞ்சாலி'க்கு முன் அவர் சினிமாக் காமிராவை இயக்கியவரே அல்லர். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் கல்கத்தாவில் 'தி ரிவர்' படத்தை எடுத்த காலத்தில், படப்பிடிப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் குறிப்பெடுத்ததே அவர் பெற்ற பயிற்சி. நிழலற்ற வான ஒளியை ஸ்டூடியோவுக்குள் உண்டாக்க முடியாது என்று அவர் வாதாடிப் பார்த்தார். செட்டு உள்ளேதான் என்று முடிவாகிவிட்டது. அக்கால ஸ்டூடியோ வழக்கப்படி விளக்குகளை உயரத்தில் வரிசையாக நிறுத்தி நேராகப் பாய்ச்சினால், ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு நிழலைத் தந்து, முற்றம் பொய் என்பதை அந்த நிழல்களே பறைசாற்றிவிடும். மித்ரா செய்தது இது: செட்டுக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், சட்டமிட்ட வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழே வைத்து அத்துணியை நோக்கித் திருப்பினார். துணி வானமாயிற்று, அதிலிருந்து திரும்பி இறங்கிய ஒளி காசியின் முற்றத்து ஒளியாயிற்று. 1956இல் வெளிவந்த அந்தப் படத்தில் எது மெய்யான காசி, எது கல்கத்தாச் செட்டு என்று பிரித்துச் சொல்வது அரிதாயிற்று.

துணி ஏன் இவ்வாறு செய்கிறது, கண்ணாடி ஏன் செய்வதில்லை என்ற கேள்வி இங்கே எழுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடி தன்மேல் விழும் ஒவ்வொரு கிரணத்தையும் ஒரே திசையில் ஒழுங்காகத் திருப்புகிறது. அதில் நாம் காண்பது விளக்கின் பிரதிபிம்பத்தை. அந்தப் பிரதிபிம்பம் விளக்களவே சிறியதாகையால், நிழலும் கூர்மையாகவே இருக்கும். இது சீரான எதிரொளிப்பு. துணியிலோ, எண்ணற்ற நூலிழைகள் எத்திசையிலும் வளைந்தும் பின்னியும் கிடப்பதால், உள்ளே நுழைந்த கிரணம் பல இழைகளில் பட்டுத் திரும்பி, வந்த திசையையே மறந்து வெளியேறுகிறது. துணியின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசைகளிலும் ஒளி தரும் தனி விளக்காகிவிடுகிறது. இது சிதறல் எதிரொளிப்பு. நம் சினிமாப் படப்பிடிப்புத் தளங்களில் இன்றும் முகத்தருகே ஏந்தி நிற்கும் தெர்மாகோல் பலகையின் வெண்மைக்கும் இதுவே காரணம்: அது செய்யப்பட்ட பாலிஸ்டைரீன் உண்மையில் நிறமற்ற, ஒளி ஊடுருவும் பொருள், ஆனால் அதனுள் அடைபட்ட கணக்கற்ற காற்றுக் குமிழிகளின் சுவர்கள் ஒளியைத் திருப்பித் திருப்பிச் சிதறடித்து வெண்மையாக்குகின்றன. சமையல் கட்டின் அலுமினியத் தாளை அட்டையில் ஒட்டிப் பிடித்தால் முகத்தில் திட்டுத் திட்டாக வெளிச்சம் விழுவதும், தெர்மாகோலைப் பிடித்தால் சீராக விழுவதும் இந்த வித்தியாசத்தால்தான். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சை நிறத்தைக் கொண்டுவந்து கன்னத்தில் பூசும் என்பதையும் மறக்கலாகாது. கூடத்துச் சுவரின் இனம் தெரியாத பச்சைக்கு இதுவும் ஒரு மூலம்.

அடுத்தது தூரம். தோசைக்கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றி, அதை இரண்டு மடங்கு விட்டத்துக்குத் தேய்த்தால் பரப்பு நான்கு மடங்காகி, கனம் கால் பங்காகிவிடுகிறது. சிறு விளக்கிலிருந்து புறப்படும் ஒளியும், இரு மடங்கு தூரம் செல்லும்போது நான்கு மடங்கு பரப்பில் பரவுவதால், ஒவ்வோர் இடத்திலும் கால் பங்காகக் குறைகிறது. மும்மடங்கு தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, நான்கு மடங்கில் பதினாறில் ஒரு பங்கு. கெப்ளர் 1604ஆம் ஆண்டிலேயே இவ்விதியைக் கூறினார். ஆனால் கூறுவது வேறு, அளந்து காட்டுவது வேறு. ஒரு வெளிச்சம் மற்றொன்றைப்போல் எத்தனை மடங்கு என்று கண்ணால் சொல்ல முடியாது; அதற்குத்தான் கண் தன்னையே மாற்றிக்கொண்டு நம்மை ஏமாற்றுகிறதே! பிரான்ஸ் நாட்டுப் பியேர் பூகே என்பவர், 1729இல் வெளியிட்ட நூலில், இதற்கு ஓர் அருமையான வழியைக் காட்டினார். மடங்குகளை அறியாத கண், அருகருகே உள்ள இரண்டு வெளிச்சங்கள் சமமா என்பதை மட்டும் மிக நுட்பமாக அறியும். ஆகவே ஒரு விளக்கை நகர்த்தி நகர்த்தி இரண்டையும் சமமாக்கி, பிறகு தூரங்களை அளந்துகொண்டால் போதும்.

ஜெர்மானிய ரசாயன அறிஞர் புன்சன் 1840களில் இதை இன்னும் எளிதாக்கினார். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டால், அந்தப் புள்ளி மட்டும் ஒளியை ஊடுருவ விடுகிறது. முன்பக்கம் வெளிச்சம் அதிகமானால் புள்ளி கறுப்பாகத் தெரியும். பின்பக்கம் அதிகமானால் வெளுப்பாகத் தெரியும். இருபுறமும் சமமானால் புள்ளி மறைந்துவிடும். இருட்டறையில் இந்தக் காகிதத்துக்கு ஒருபுறம் ஓரடி தூரத்தில் ஒரு மெழுகுவர்த்தியும், மறுபுறம் இரண்டடி தூரத்தில் நான்கு மெழுகுவர்த்திகளும் வைத்துப் பாருங்கள். புள்ளி ஏறக்குறைய மறைந்துபோவதைக் காணலாம். வடை வைத்த காகிதத்தின் எண்ணெய்க் கறையில், ஒளி பரவும் விதி தன்னை நிரூபித்துக் காட்டுகிறது.

இவ்விதி மாணவருக்கு எப்படிப் பயன்படும்? விளக்கை நடிகரின் முகத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து, பின்சுவர் முகத்துக்கு மூன்று மீட்டர் பின்னால் இருக்கும்படி அமைத்தால், சுவருக்குக் கிடைப்பது முகத்துக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்கே. சுவர் இருளில் அமிழ்ந்துவிடும். அதில் இருக்கும் காலண்டரும், சுவிட்சுப் பலகையும், நாம் அவசரமாகச் சாத்திய அட்டைத் தடுப்பின் இணைப்பும் திரையில் தெரியா. அதே விளக்கை நான்கு மீட்டர் தள்ளி வைத்தால் சுவருக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்து, அறை முழுவதும் புலப்படும். விளக்கை அணைக்காமல், மாற்றாமல், நகர்த்துவதாலேயே இரவையும் பகலையும் உண்டாக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு, தூரத்தோடு ஒப்பிடச் சிறியதாக உள்ள விளக்குக்கே பொருந்தும். அகன்ற துணிக்கு மிக அருகில் முகம் இருக்கும்போது வெளிச்சம் இவ்வளவு விரைவாகக் குறையாது. துணியின் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு தூரம் விலகிய பிறகே விதி நன்றாகப் பொருந்தி வரும்.

இங்கேதான் விளக்கும் செட்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. கையில் கிடைத்ததைக் கொண்டு அமைக்கும் செட்டு எப்படி மெய்யாகத் தோன்றுகிறது? மனிதனுக்கு இரண்டு கண்கள். ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்த அவை காணும் இரு காட்சிகளின் சிறு வேற்றுமையைக் கொண்டு மனம் ஆழத்தை அறிகிறது. காமிராவுக்கு ஒரே கண். அடெல்பெர்ட் ஏம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் அமைத்துக் காட்டிய கோணல் அறை இதன் விளைவைத் தெளிவாக்கியது. அந்த அறையின் ஒரு மூலை மற்றதைவிட வெகு தூரத்தில் இருந்தும், குறிப்பிட்ட துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்ப்பவருக்கு அது ஒழுங்கான சதுர அறையாகவே தெரிந்தது. அதில் மூலைக்கு மூலை நடந்தவர் வளர்வதும் குறுகுவதுமாகக் காணப்பட்டார். ஒற்றைக் கண்ணுக்கு முன் எது எவ்வளவு தூரம் என்பதற்கு உறுதியான சாட்சியம் இல்லை. ஆகவே கதவுக்குப் பின்னால் நீளும் தாழ்வாரத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கிய அட்டைத் தூண்களால் காட்டலாம். காமிரா இடம் பெயராதவரையில் இந்த மாயம் நிலைக்கும். அது பக்கவாட்டில் நகர்ந்த கணமே, அருகிலுள்ளவை வேகமாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் நகரவேண்டிய ஒழுங்கு பிசகி, அட்டை அட்டையாகிவிடும். தற்காலிகச் செட்டில் காமிராவை முக்காலியில் நிலையாக நிறுத்துவது ஏன் நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

1920இல் ஜெர்மனியில் வெளிவந்த 'டாக்டர் காலிகாரியின் அறை' என்ற படத்தில், நிழல்களையும் ஒளிக்கீற்றுகளையும் செட்டின் சுவர்களிலும் தரையிலும் வர்ணத்தாலேயே தீட்டிவிட்டார்கள். கனவுலகைக் காட்டிய அந்தக் கதைக்கு அது பொருந்தியது. நடைமுறை வாழ்வைக் காட்டும் கதைக்கோ பொருந்தாது. ஏனெனில் தீட்டிய நிழல் ஒரு திசையைச் சொல்ல, நடிகரின் நிழல் மற்றொரு திசையைச் சொல்லும். ஆனால் சுவரின் சொரசொரப்பை ஒளியாலேயே தீட்டலாம். தெர்மாகோலின் மேல் சிறிது சுண்ணாம்புக் காரையைத் தாறுமாறாகப் பூசி, விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் வைத்தால், ஒவ்வொரு மேடும் ஒரு நிழலை நீட்டி, நூறாண்டுப் பழஞ்சுவர் எழுந்து நிற்கும். அதே விளக்கைக் காமிராவின் பக்கத்தில் வைத்து நேராகப் பாய்ச்சினால், நிழல்கள் மேடுகளின் பின்னால் ஒளிந்துகொள்ள, சுவர் தட்டையாகிவிடும்.

ஜன்னல் கம்பிகளின் வழியே வரும் காலை வெயிலை உண்டாக்க விரும்புவோர், இதுவரை கூறியதைத் தலைகீழாகப் பிரயோகிக்க வேண்டும். வெயில் வன்னொளி, ஆகவே துணி கூடாது. அட்டையில் வெட்டிய கம்பிச் சட்டத்தைச் சுவருக்கு அருகிலும், சிறிய பிரகாசமான விளக்கை இயன்றவரை தூரத்திலும் வைக்க வேண்டும். விளக்கு அருகில் இருந்தால் கம்பிகளின் நிழல்கள் விசிறியாக விரிந்து, இது சூரியனன்று என்று காட்டிக்கொடுத்துவிடும். பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்துச் சூரியனின் கிரணங்களோ இணையாகவே வருகின்றன. செட்டை அமைப்பவரும் ஒளியை அமைப்பவரும் ஒரே மனமாக உழைக்க வேண்டும் என்பதற்கு நம் தமிழ்த் திரையிலேயே சிறந்த உதாரணம் இருக்கிறது: 1987இல் வெளிவந்த 'நாயகன்' படத்துக்காகப் பம்பாயின் தாராவியைச் சென்னையில் செட்டாக எழுப்பிய தோட்டா தரணியும், அதற்கு ஒளியூட்டிய பி.சி. ஸ்ரீராமும், தத்தம் துறைக்கான தேசிய விருதை அந்த ஒரே படத்துக்காகப் பெற்றார்கள்.

நிறத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். உலையில் இரும்பு சூடேறும்போது முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பிறகு வெளுப்பதைக் கொல்லர் நன்கு அறிவார். வெப்பத்துக்கும் ஒளியின் நிறத்துக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தின் விதியை 1900இல் மாக்ஸ் பிளாங்க் கண்டறிந்தார். அதனால் ஒளியின் நிறத்தை நிற வெப்பநிலை என்று கெல்வின் அளவில் குறிக்கிறார்கள்: பழைய குண்டு பல்பு 2,700 அளவு, நடுப்பகல் வெயில் 5,500 அளவு, வீடுகளில் எரியும் வெண்மையான எல்.இ.டி. டியூப்லைட் 6,500 அளவு. நம் கண் எந்த விளக்கின் கீழும் வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே காணப் பழகிக்கொள்கிறது. காமிராவோ ஏதேனும் ஒரு நிறத்தையே வெள்ளை என்று கொள்ளும். ஆகவே மஞ்சள் பல்பும் வெள்ளை டியூப்லைட்டும் ஒரே முகத்தில் கலந்தால், ஒரு கன்னம் மஞ்சளாகவோ மற்றது நீலமாகவோ ஆவதைத் தவிர்க்க முடியாது. ஒரு காட்சிக்கு ஒரே இன விளக்கு. காமிராவின் வெள்ளை அளவைத் தானியங்கியாக விடாமல் நிலைப்படுத்திக்கொள்வது: இவை இரண்டும் நிறச் சங்கடங்களில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

விளக்கு துடிப்பதும் காமிரா மட்டுமே காணும் குறை. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறிப் பாய்வதால், அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. காமிராவின் ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு விநாடி என்று வைத்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் சரியாக இரண்டு துடிப்புகளும், நூறில் ஒன்று என்று வைத்தால் சரியாக ஒரு துடிப்பும் பதிவாகி, வெளிச்சம் சமனாக இருக்கும். அறுபதில் ஒன்று என்று வைத்தால் கணக்கு ஒத்துவராமல், திரையில் பட்டைகள் ஊர்ந்து செல்லும். எந்த விளக்கு துடிக்கிறது என்று அறிய, அதன் முன்னே பென்சிலை விரைவாக ஆட்டிப் பாருங்கள். அசைவு தொடர்ச்சியாகத் தெரியாமல் பல பென்சில்களாகத் துண்டுபட்டுத் தெரிந்தால் அந்த விளக்கைத் தள்ளிவிடலாம்.

இவ்வளவும் சொன்னபின், பாதுகாப்பையும் அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கல்யாண வீட்டு வீடியோவுக்குப் பயன்பட்ட பழைய ஹாலோஜன் விளக்குகள் கடுமையாகச் சூடேறுபவை. துணியையும் தெர்மாகோலையும் அவற்றுக்கு அருகே கொண்டுபோகவே கூடாது. தெர்மாகோல் கொதிநீர் அளவான சூட்டிலேயே இளகத் தொடங்கி, தீப்பற்றினால் நச்சுப்புகையோடு எரியும். எல்.இ.டி. விளக்கு கிடைக்கும் இக்காலத்தில் அந்த அபாயத்தை ஏற்கவேண்டிய அவசியமே இல்லை.

குறும்படம் எடுக்க முனையும் இளைஞர்களையும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. விளக்குகளுக்கு வாடகை பேசப் புறப்படுமுன், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஒரே ஒரு எல்.இ.டி. பல்பு, ஒரு வெள்ளை விரிப்பு, ஒரு தெர்மாகோல் பலகை, ஓர் எண்ணெய்ப்புள்ளிக் காகிதம் ஆகியவற்றோடு ஒருவரை உட்கார வைத்து, விளக்கை நேராகவும், துணியில் பட்டுத் திரும்பவும், அருகிலும், தூரத்திலும் வைத்து, ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் காமிராவாலும் பதிவு செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லூரிகளில் இதையே ஒளிப்பதிவின் முதல் பாடமாக வைக்க வேண்டும். ஒளியின் விதிகள் செல்வருக்கு ஒன்றாகவும் ஏழைக்கு ஒன்றாகவும் இயங்குவதில்லை. அவற்றை அறிந்து எடுத்த படம், எத்தனை சிக்கனமாக எடுக்கப்பட்டிருந்தாலும், பார்ப்பவர் மனத்தில் மெய்யாகவே நிற்கும்.